ஓவன் கதவு பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடா, அமெரிக்க வீடுகளில் அடுப்போடு சேர்ந்து வரும் ஓவன்கள் பலவற்றிலும், சுவரில் பதிக்கும் ஓவன்கள் சிலவற்றிலும் 'செல்ஃப் கிளீன்' என்ற வசதி இருக்கும். அதை அழுத்தியதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்து உள்ளே சூடு தணிந்ததும் தானாகத் திறந்துகொள்ளும். இந்த இரண்டாவது காரியம் நடக்காமல் போகும்போது எழும் கேள்விகளே இங்கே மிகுதியாக உள்ளன. பூட்டவே மறுக்கும் கதவைப் பற்றியும், யாரும் தொடாமலே பூட்டிக்கொள்ளும் கதவைப் பற்றியும் சில கேள்விகள் உண்டு. நம் ஊரில் பரவலாக உள்ள மேசை ஓவன்களிலும் மைக்ரோவேவிலும் இப்படி மோட்டாரால் இயங்கும் பூட்டு கிடையாது. அவற்றின் கதவு திறக்காவிட்டால் காரணம் வேறு.

ஓவனுக்குப் பூட்டு எதற்கு?

செல்ஃப் கிளீன் என்பது உள்ளே ஒட்டிய எண்ணெயையும் உணவுத் துணுக்கையும் சாம்பலாகும்வரை எரிக்கும் முறை. சாதாரணமாக நாம் கேக்கோ கோழியோ வேகவைக்கும் சூடு 180 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். சுத்தம் செய்யும்போது அது 430 முதல் 540 டிகிரிக்கு அருகில் போகிறது. அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும் என்பது மட்டுமன்று. உள்ளே புகைந்துகொண்டிருக்கும் எண்ணெய்க்குத் திடீரென்று புதுக் காற்று கிடைத்து அது தீயாக எழும்பவும் கூடும். 1963இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இந்த வசதியைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே கதவுப் பூட்டு இதிலிருந்து பிரிக்க முடியாத பகுதியாக இருந்து வருகிறது. பழைய ஓவன்களில் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியை நாமே பக்கவாட்டில் தள்ளிப் பூட்ட வேண்டும். இப்போதைய ஓவன்களில் ஒரு சிறு மோட்டார் அதைச் செய்கிறது.

சுத்தம் முடிந்துவிட்டது என்று திரை காட்டுகிறது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. சுத்தம் செய்யும் நேரம் முடிவதும் பூட்டு விடுபடுவதும் ஒரே கணத்தில் நடப்பவை அல்ல. உள்ளே உள்ள சூடு, தயாரிப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 260 முதல் 315 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகே, ஓவனை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டு, பூட்டு மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஒன்றரை மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. கோடையில் சமையலறை ஜன்னல்கள் அடைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கண்ணாடியை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து, "ஆறிவிட்டதே" என்று முடிவு கட்டக் கூடாது. கதவில் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி இருப்பதால் வெளிக் கண்ணாடி உள்ளே உள்ள நிலையைச் சொல்லாது.

காத்திருக்கும் நேரத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்வது, அதுவே கெடுதலும்கூட. இழுக்கும்போது, கதவைப் பிடித்திருக்கும் பூட்டின் கொக்கியின் மேல் அழுத்தம் விழுகிறது; சரியாக அந்த நேரத்தில் மோட்டார் திரும்ப முயன்றால், இறுகிய கொக்கியை அதனால் நகர்த்த முடியாது. மோட்டார் மிகச் சிறியது. கதவை இழுப்பதற்கு மாறாக, மெதுவாக உள்நோக்கித் தள்ளிப் பிடித்தால் கொக்கிக்கு இடம் கிடைத்துப் பூட்டு விடுபட வாய்ப்பு உண்டு.

நன்றாக ஆறிவிட்டது, இரவு முழுவதும் விட்டுப் பார்த்தாயிற்று. அடுத்து என்ன செய்யலாம்?

முதலில் மின்சாரத்தை முழுமையாக நிறுத்தி மீண்டும் கொடுத்துப் பாருங்கள். ஓவனில் உள்ள 'ஆஃப்' பொத்தானை அழுத்துவது இதற்குப் போதாது. வீட்டின் மின்பலகையில் ஓவனுக்கென்று உள்ள பிரேக்கரை இறக்க வேண்டும். வட அமெரிக்க வீடுகளில் மின்சார ஓவனுக்கு அது பெரும்பாலும் 40 அல்லது 50 ஆம்பியர் என்று குறித்த இரட்டை பிரேக்கராக இருக்கும். ஓவனில் உள்ள கடிகாரம் அணைந்துவிட்டதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, ஐந்து நிமிடம் கழித்து ஏற்றுங்கள். பல போர்டுகள் மின்சாரம் திரும்பியதும் பூட்டு எந்த நிலையில் உள்ளது என்று தாமாகவே சோதித்து, ஓவன் குளிர்ந்திருந்தால் மோட்டாரை ஓட்டித் திறந்துவிடும். அந்த ஓரிரு நிமிடம் பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா, 'டிக்' என்று ஓர் ஒலி மட்டும் வருகிறதா, ஒன்றுமே கேட்கவில்லையா என்பது பின்னால் பழுதைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவும்.

அதிலும் திறக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. செல்ஃப் கிளீன் பொத்தானை அழுத்தித் தொடங்கச் செய்யுங்கள். பூட்டு மோட்டார் ஓடும் ஒலி நின்றதும், ஓவன் சூடேறுவதற்கு முன்பே 'கேன்சல்' அழுத்துங்கள். பூட்டு பாதி வழியில் நின்று போயிருந்தால், இந்த ஒரு சுற்றில் அது தன் முழு நிலைக்கு வந்து, பிறகு சரியாகத் திறந்துகொள்ளும். இதை இரண்டு முறைக்கு மேல் முயல வேண்டாம். மூன்றாவது முறை திறக்கப்போகும் பூட்டு முதல் இரண்டிலேயே திறந்திருக்கும்.

நாங்கள் செல்ஃப் கிளீன் பக்கமே போகவில்லை. கதவு எப்படிப் பூட்டிக்கொண்டது?

குழந்தைகள் உள்ள வீடுகளிலிருந்தும், மேல்தட்டைத் துணியால் அழுத்தித் துடைக்கும் பழக்கம் உள்ள வீடுகளிலிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது. பல ஓவன்களில் 'லாக்' என்று எழுதிய பொத்தான் அல்லது சிறிய பூட்டுப் படம் இருக்கும். அதை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பொத்தான்கள் செயலற்றுப் போகும். சில தயாரிப்புகளில் அதே பொத்தான் கதவையும் மோட்டாரால் பூட்டிவிடும். துடைக்கும் துணி அந்த இடத்தில் சற்று நின்றாலே போதும். மீண்டும் மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திறந்துவிடும். தொழில்நுட்பரை அழைத்து, அவர் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிச் செல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது.

கதவு பூட்டியபடியே இருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மின்சாரம் திரும்பியதும் சில ஓவன்கள் சூட்டை அளந்துவிட்டுத் தாமே திறக்கும், சில திரையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். சுத்தம் விட்ட இடத்திலிருந்து தொடராது.

கண்ணாடி வழியாக உள்ளே தீ தெரிகிறது!

கதவைத் திறக்க முயலாதீர்கள். பூட்டு உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கேன்சல் அழுத்தி, முடிந்தால் பிரேக்கரையும் இறக்குங்கள். காற்று கிடைக்காததால் பெரும்பாலான சமயம் அது தானாக அணையும். தீ கதவுக்கு வெளியே வந்தாலோ புகை பெருகினாலோ எல்லாரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். ஓவனின் அடித்தளத்தில் தேங்கிய எண்ணெயைத் துடைக்காமல் சுத்தத்தைத் தொடங்குவதே இதற்கு வழக்கமான காரணம்.

இந்தப் பூட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடுப்பின் மேல்தட்டைத் தூக்கிப் பார்த்தால், கதவின் நடுப்பகுதிக்கு நேர் மேலே ஓர் உலோகத் தகட்டில் விரல் நீளக் கொக்கி ஒன்று தெரியும். கதவின் மேல் விளிம்பில் உள்ள துளைக்குள் நுழைந்து பிடிப்பது அதுதான். அந்தக் கொக்கியை இயக்கும் மோட்டார் சில ஓவன்களில் அதன் பக்கத்திலேயே இருக்கும். வேறு சிலவற்றில் சூட்டிலிருந்து தள்ளி, ஓவனின் பின்பக்கத்தில் இருக்கும். பின்னால் இருந்தால் இரண்டையும் ஒரு நீண்ட கம்பி இணைக்கும். மோட்டாரின் தண்டில் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. அது அரைச் சுற்று திரும்பினால் கம்பி இழுபட்டுக் கொக்கி பிடிக்கும். மீதி அரைச் சுற்றில் கொக்கி விடும். பல மாதிரிகளில் மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சக்கரத்தை ஒட்டி நகக்கண் அளவு பொத்தான் கொண்ட நுண்சுவிட்சு ஒன்றோ இரண்டோ இருக்கும். சக்கரத்தின் துருத்திய பக்கம் வந்து பொத்தானை அழுத்தும்போது 'பூட்டியாயிற்று' என்ற செய்தி போர்டுக்குப் போகிறது. விலகும்போது 'திறந்தாயிற்று' என்று போகிறது. கதவுச் சட்டத்தில் விளக்குக்காக உள்ள இன்னொரு சுவிட்ச், கதவு மூடியிருக்கிறதா என்று சொல்கிறது. ஓவனின் உட்பின்சுவரில் பென்சில் போல் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார், சூடு எவ்வளவு என்று சொல்கிறது.

போர்டுக்குக் கண் கிடையாது. இந்த மூன்று செய்திகளை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. ஓவன் குளிர்ந்திருக்க, சென்சார் "400 டிகிரி" என்று சொன்னால் போர்டு கதவைத் திறக்காது. அதன் கடமை அது. ஆகவே கதவு திறக்கவில்லை என்றதும் பூட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று எண்ணுவது தவறான தொடக்கம். பூட்டுப் பழுது என்று சொல்லப்படுகிற பலவும் போர்டுக்குப் போகும் செய்தியில் உள்ள பழுதே.

திரையில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ மின்னுகிறது. அதற்கு என்ன பொருள்?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிக் குறியீடு. வேர்ல்பூல் ஓவன்கள் பலவற்றில் 'எஃப்5 ஈ0' என்றால் கதவுச் சுவிட்சும் பூட்டுச் சுவிட்சும் ஒன்றுக்கொன்று முரணான செய்தி தருகின்றன என்று பொருள்: கதவு திறந்திருக்கிறது என்று ஒன்று சொல்ல, பூட்டியிருக்கிறது என்று மற்றது சொல்கிறது. 'எஃப்5 ஈ1' என்றால் பூட்டு இயங்கவில்லை. ஃப்ரிஜிடேரில் 'எஃப்90' முதலான குறியீடுகள் பூட்டு மோட்டார் அமைப்பைச் சுட்டும். 'எஃப்10' கட்டுமீறிய சூட்டைச் சுட்டும். 'எஃப்30', 'எஃப்31' இரண்டும் சென்சாரைச் சுட்டும். ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) ஓவன்களில் 'எஃப்2' அளவு மீறிய சூடு. 'எஃப்3', 'எஃப்4' சென்சார் இணைப்பு அறுந்ததையோ குறுக்குச்சுற்று ஆனதையோ காட்டும்.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்திலும் மாதிரிக்கு மாதிரி மாறும். இதைவிட நம்பகமான ஒன்று உங்கள் ஓவனிலேயே ஒளிந்திருக்கிறது: பல வட அமெரிக்க ஓவன்களில், பொத்தான் பலகைக்குப் பின்னாலோ அடி இழுப்பறையை வெளியே எடுத்தால் தெரியும் இடத்திலோ, மடித்துச் செருகிய ஒரு தாள் இருக்கும். தொழில்நுட்பருக்காக வைத்தது. உங்கள் மாதிரிக்குரிய குறியீடுகள், மின்சுற்று வரைபடம், ஒவ்வோர் உறுப்பிலும் மல்டிமீட்டர் (மின் அளவுகளைக் காட்டும் கருவி) காட்ட வேண்டிய அளவு எல்லாம் அதில் இருக்கும். பார்த்து முடித்ததும் திரும்ப அங்கேயே வையுங்கள். அடுத்து வருபவர் அதைத்தான் தேடுவார்.

மோட்டார் ஒலி கேட்கிறது, ஆனால் பூட்டு அசையவில்லை. சில சமயம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒலி கேட்டும் கொக்கி அசையாவிட்டால், மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது என்றும், இடையில் எங்கோ இயக்கம் தடைப்படுகிறது என்றும் கொள்ளலாம். இணைப்புக் கம்பி துளையிலிருந்து கழன்றிருக்கலாம். மோட்டாருக்குள் உள்ள பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஆவியாகிப் படிந்த எண்ணெய் கொக்கியின் கீலில் பிசின்போல் இறுகியிருப்பதும் உண்டு. கடைசியில் சொன்னது உண்மையானால், குளிர்ந்த நிலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். கதவுப் பூட்டுக்குப் போடும் சாதாரண எண்ணெயை அங்கே விடாதீர்கள். அடுத்த சூட்டில் அது கருகி முன்னைவிட இறுகும், புகையும்.

நிற்காமல் சுற்றினால் சந்தேகம் சுவிட்சின் மேல் போக வேண்டும். சக்கரம் சரியான இடத்துக்கு வந்த பிறகும் அந்தச் செய்தி போர்டுக்கு எட்டாததால், அது மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. பல போர்டுகள் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கைவிட்டுக் குறியீட்டைக் காட்டும். குறியீடும் காட்டாமல், மின்சாரம் உள்ளவரை சுற்றிக்கொண்டே இருந்தால் போர்டில் உள்ள ரிலே, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒலியே இல்லை என்றால் மோட்டாரின் சுருள் அறுந்திருக்கலாம், வயர் கருகியிருக்கலாம், அல்லது போர்டு மின்சாரம் அனுப்பாமல் இருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரின் இரண்டு வயர்களையும் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்து பாருங்கள். மாதிரியைப் பொறுத்துச் சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை காட்டினால் சுருள் முழுமையாக உள்ளது. மீட்டர் அசையவே இல்லை என்றால் மோட்டார் போயிற்று. சுவிட்சையும் அப்படியே சோதிக்கலாம்: வயரைக் கழற்றிவிட்டு, பொத்தானை விரலால் அழுத்தியும் விட்டும் பார்க்கும்போது மீட்டர் 0 ஓமுக்கும் இணைப்பற்ற நிலைக்கும் தெளிவாக மாற வேண்டும். இடையில் தடுமாறி, 30, 80 என்று ஏதேதோ காட்டினால் அதன் தொடுமுனை கருகியிருக்கிறது. கையில் 'டிக்' என்று உணர்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

சென்சாரை எப்படிச் சோதிப்பது?

வட அமெரிக்க ஓவன்களில் பெரும்பாலும் ஒரே வகை பிளாட்டினச் சென்சார்தான் உள்ளது. வீட்டின் சாதாரண வெப்பநிலையில் அது ஏறத்தாழ 1080 முதல் 1100 ஓம் வரை காட்ட வேண்டும். சூடு ஏற ஏற அளவும் ஏறும். 177 டிகிரி செல்சியஸில், அதாவது 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், 1650 ஓமுக்கு அருகில் இருக்கும். குளிர்ந்த ஓவனில் 2000 ஓமுக்கு மேல் காட்டினால், போர்டு அதை மிகுந்த சூடு என்றே புரிந்துகொள்ளும், கதவும் திறக்காது.

கதவு பூட்டியிருக்கும்போது சென்சாரை உள்ளிருந்து கழற்ற முடியாது. ஓவனைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்தகட்டைக் கழற்றினால், சென்சாரின் வயர் போர்டுக்குப் போகும் வழியில் ஒரு கனெக்டர் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அங்கே அளக்கலாம். அளக்கும்போது கனெக்டரையும் உற்றுப் பாருங்கள். சென்சார் நன்றாக இருக்க, வயர் நுழையும் இடத்தில் வெண்பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பதைப் பார்க்க முடியும். அப்போது சென்சாரை மாற்றிப் பயனில்லை. இணைப்பைச் சூடு தாங்கும் பீங்கான் மூடிகொண்டு புதுப்பிக்க வேண்டும். சென்சாரின் விலை போர்டின் விலையில் ஒரு சிறு பங்குதான் என்பதால், எந்தப் பூட்டுப் பழுதிலும் முதலில் அளக்க வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. செல்ஃப் கிளீன் அழுத்தினால் கதவு பூட்டவே இல்லை.

பெரும்பாலும், கதவு முழுமையாக மூடவில்லை என்று போர்டு கருதுகிறது. கதவை மூடியதும் உள்விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் கதவுச் சுவிட்ச் அழுந்தவில்லை. அதன் பொத்தானைச் சுற்றிச் சர்க்கரைப் பாகோ எண்ணெயோ இறுகி அது உள்ளே சிக்கியிருப்பது ஒரு காரணம். கீல்கள் தளர்ந்து கதவு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது மற்றொன்று. கதவின் மேல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி இரு மூலையிலும் ஒன்றாக உள்ளதா என்று எதிரே குனிந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். திறந்த ஓவன் கதவின் மேல் கனமான பாத்திரத்தை இறக்கி வைக்கும் வழக்கம் கீலைக் கெடுக்கும். அடித்தளத்தில் விரித்த அலுமினியத் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும், பின்னால் தள்ளப்படாத கம்பித் தட்டும் கதவைத் தடுக்கும்.

கதவைச் சுற்றியுள்ள கேஸ்கெட், அதாவது சூடு வெளியேறாமல் அடைக்கும் பட்டை, கண்ணாடி நாரால் நெய்தது. அது பிடிப்பிலிருந்து விலகியிருந்தால் மீண்டும் பொருத்தலாம், ஆனால் தேய்த்துக் கழுவக் கூடாது.

சுவரில் பதித்த ஓவன். சுத்தம் பாதியில் நின்று, திரையும் அணைந்து, கதவும் பூட்டியபடி இருக்கிறது.

பிரேக்கர் விழவில்லை என்றால், அளவு மீறிய சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட்டோ வெப்ப ஃபியூஸோ விழுந்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் மோட்டாரும் ஓடாது. ஓவனைச் சுவரிலிருந்து வெளியே இழுக்காமல் இந்த உறுப்பை எட்ட முடியாத மாதிரிகளே அதிகம். இருவர் சேர்ந்தாலும் கனமாக இருக்கும் பொருள் அது. எனவே இந்த ஒன்றை மட்டும் தொழில்நுட்பரிடம் விடுவதே அறிவுடைமை. அவர் ஃபியூஸை மாற்றிவிட்டுப் புறப்படத் தயாராகும்போது, குளிர்விக்கும் மின்விசிறி சுற்றுகிறதா என்று கேளுங்கள். விசிறி நின்று போனதாலோ அலமாரிக்குள் காற்றுவழி அடைபட்டதாலோதான் ஃபியூஸ் விழுந்திருக்கும். காரணத்தை நீக்காவிட்டால் அடுத்த முறையும் விழும்.

கையால் திறந்துவிட முடியுமா?

அடுப்போடு சேர்ந்த ஓவன்களில் முடியும். உள்ளே முழுமையாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பிரேக்கர் இறங்கியிருக்க வேண்டும். மோட்டார் பின்பக்கம் இருந்தால் ஓவனை முன்னால் நகர்த்திப் பின்தகட்டைக் கழற்றி, இணைப்புக் கம்பியை மோட்டாரின் சக்கரத்திலிருந்து விடுவித்தால், கம்பியைத் தள்ளியோ இழுத்தோ கொக்கியை விலக்கலாம். மோட்டார் முன்னால் இருந்தால் மேல்தட்டைத் தூக்க வேண்டும். கண்ணாடி மேல்தட்டு உள்ளவற்றில் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் முன்விளிம்பின் அடியில் இருப்பது வழக்கம். அவை கதவு திறந்தால்தான் எட்டும் என்ற நிலையும் சில மாதிரிகளில் உண்டு. அப்போது மெல்லிய உறுதியான கம்பியின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கதவின் மேல் இடைவெளி வழியாக விட்டு, பூட்டின் கொக்கியைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கலாம். பொறுமை வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை இடைவெளியில் செருகி நெம்பாதீர்கள். எனாமல் பெயரும், கதவின் கண்ணாடி சூடேற்றிப் பதப்படுத்தியது என்பதால், விளிம்பில் ஓர் அடி பட்டாலே முழுவதும் நொறுங்கும்.

ஓவனை நகர்த்துவது பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் பின்கால் ஒன்று, ஓவன் முன்னால் சாயாமல் இருக்கத் தரையிலோ சுவரிலோ பொருத்திய ஓர் உலோகப் பிடிக்குள் நுழைந்திருக்கும். வேலை முடிந்து தள்ளும்போது கால் அந்தப் பிடிக்குள் மீண்டும் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சேராவிட்டால், திறந்த கதவின் மேல் ஒரு குழந்தை ஏறினால் கொதிக்கும் பாத்திரத்தோடு ஓவன் கவிழும். எரிவாயு அடுப்பானால் நகர்த்துவதற்கு முன் வாயு வால்வை மூடுங்கள், குழாயை இழுபட விடாதீர்கள்.

பூட்டை மாற்றுவதா, போர்டை மாற்றுவதா?

அளந்து பார்க்காமல் இரண்டையும் வாங்காதீர்கள். மோட்டார், சுவிட்ச், சென்சார், வயர் நான்கும் சரியாக இருந்தும், போர்டிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் வராவிட்டால்தான் போர்டு குற்றவாளி. போர்டு பூட்டைவிடப் பல மடங்கு விலை. வாங்கிப் பொருத்திய மின் உறுப்புகளைப் பல கடைகள் திரும்ப ஏற்பதில்லை. மாதிரி எண்ணை ஓவனின் முன்புறத்தில் எழுதியதிலிருந்து எடுக்காமல், கதவைத் திறந்ததும் சட்டத்திலோ, அடி இழுப்பறையின் பின்னாலோ ஒட்டிய தகட்டிலிருந்து முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினால் பூட்டின் துளைகளே பொருந்தாமல் போகலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். செலவு யாருடையது?

ஒன்டாரியோ மாகாணத்தில், வீட்டோடு சேர்த்துக் கொடுத்த ஓவனை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. நீங்களோ உங்கள் விருந்தினரோ வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ உடைத்திருந்தால் மட்டுமே அது உங்கள் தலையில் விழும். குறியீடு மின்னும் திரையைப் படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் அறிவியுங்கள். நெம்பித் திறக்க முயன்ற தடம் கதவில் இருந்தால் உங்கள் வாதம் பலவீனப்படும்.

அப்படியானால் செல்ஃப் கிளீனைப் பயன்படுத்தலாமா, கூடாதா?

பயன்படுத்தலாம், ஆனால் எப்போது என்பதில் கவனம் வேண்டும். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ விருந்தினர் வரும் முதல் நாள் இரவு ஓவனைச் சுத்தம் செய்யத் தொடங்குவது, அது கெட்டுப்போக வாய்ப்பு மிகுந்த வேலையை, அது தேவைப்படும் நாளுக்கு முன்னால் செய்வதாகும். விருந்து முடிந்த வாரத்தில் செய்யுங்கள். தேங்கிய எண்ணெயை முன்னமே வழித்தெடுங்கள், தட்டுகளை வெளியே எடுங்கள், முழு நேரத்துக்குப் பதிலாகக் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஜன்னலைத் திறந்து புகைப்போக்கி விசிறியை ஓட விடுங்கள். கிளி, குருவி வளர்ப்பவர்கள் அவற்றை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் உள்ளே மறந்துபோயிருந்தால் அதிலிருந்து எழும் ஆவி பறவைகளைக் கொல்லும். லேசான கறைக்கு, அடித்தளத்தில் தண்ணீர் ஊற்றி மென்சூட்டில் ஊறவைக்கும் நீராவி முறை உங்கள் ஓவனில் இருந்தால் அதுவே போதும். அந்த முறைக்குப் பல ஓவன்களில் பூட்டே தேவைப்படுவதில்லை.

பூட்டு கெட்டுவிட்டது. மாற்றாமல் திறந்த நிலையில் விட்டுவிட்டுச் சமையலுக்கு மட்டும் ஓவனைப் பயன்படுத்தலாமா?

கொக்கி முழுமையாக விலகிய நிலையில் இருந்து, சுவிட்சும் 'திறந்திருக்கிறது' என்று சரியாகச் சொன்னால், பல ஓவன்கள் வழக்கம்போல் வேகவைக்கும், வாட்டும். மோட்டாரின் வயர்களைக் கழற்றி, முனைகளைச் சூடு தாங்கும் மூடியால் மூடிவிட்டு இப்படி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் உண்டு. சில போர்டுகள் இதை ஏற்காமல் மீண்டும் குறியீட்டைக் காட்டும். அவற்றில் பூட்டை மாற்றியே ஆக வேண்டும். ஏற்கும் ஓவனாக இருந்தாலும், சுவிட்சின் இரு வயர்களை ஒன்றாக இணைத்து, பூட்டியிருப்பதாகப் போர்டை ஏமாற்றும் வேலை மட்டும் வேண்டாம். ஓவனை விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ நேர்ந்தால், செல்ஃப் கிளீனை அழுத்தக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிப் பொத்தானின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.